ரம்மிச் சட்டம் கடந்த வாசல்கள்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் சட்டப்பேரவை மண்டபமும் இருக்கிறது, தலைமைச் செயலகமும் இருக்கிறது. அமைச்சர் தன் அறையிலிருந்து எழுந்து கொஞ்ச தூரம் நடந்தால் பேரவையின் முன்வரிசை வந்துவிடும். சட்டம் இயற்றுவது ஒரு துறை, அதை நடத்துவது இன்னொரு துறை, தீர்ப்புச் சொல்வது மூன்றாவது துறை என்று பள்ளியில் மனப்பாடம் செய்த அதிகாரப் பிரிவினை அந்த நடைதூரத்திலேயே ஆட்டம் கண்டுவிடுகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் எழுத்தும் இதற்கு ஒத்தே இருக்கிறது. நீதித்துறையை நிர்வாகத்திடமிருந்து பிரித்து வைக்கச் சொல்கிறது பிரிவு 50. சட்டமன்றத்தை நிர்வாகத்திடமிருந்து பிரிக்கச் சொல்லும் பிரிவைத் தேடினால் கிடைக்காது. பிரிவு 164 இரண்டையும் முடிச்சுப் போட்டே வைத்திருக்கிறது. உறுப்பினர் அல்லாத ஒருவர் அமைச்சரானால் 6 மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும், இல்லையென்றால் பதவி போய்விடும். அமைச்சரவை மொத்தமும் பேரவைக்குப் பொறுப்பு. அமெரிக்காவில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டு அமைச்சராக முடியாது. இங்கே உறுப்பினராகாமல் அமைச்சராக நீடிக்க முடியாது. 2003-ல் வந்த 91-வது திருத்தம், அமைச்சர்களின் எண்ணிக்கை பேரவை பலத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. 234 பேர் கொண்ட தமிழ்நாட்டுக்கு அது 35. 1986 நவம்பர் 1-ல் மேலவை ஒழிந்துபோனதால் இன்னொரு அவையின் சரிபார்ப்பும் இங்கே இல்லை.

அப்படியானால் பேரவையின் இடம் எது? கோட்பாட்டில் தேடுவதைவிட ஒரு காகிதத்தைப் பின்தொடர்வது மேல். ரம்மி போன்ற ஆட்டங்களைக் குறிவைத்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று துறைகளும் கைவைத்த சட்டம் அது. எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகும்போது சிக்கியது என்று பார்த்தாலே பேரவையின் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும்.

முதல் முயற்சி 2020 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்து, 2021 பிப்ரவரியில் பேரவையில் நிறைவேறியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும், திறமை ஆட்டமே ஆனாலும், தடை என்றது. 2021 ஆகஸ்ட் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏன் என்று புரிந்துகொள்ள, எதில் மத்திய அரசு சட்டம் போடலாம், எதில் மாநிலம் போடலாம் என்று பட்டியலிடும் ஏழாவது அட்டவணைக்குப் போக வேண்டும். மாநிலப் பட்டியலின் 34-வது இனம் 'பந்தயமும் சூதாட்டமும்'. சூதாட்டம் என்றால் அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுவது என்பதே நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாகக் கொண்டிருக்கும் பொருள். ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. சென்னை கிண்டி குதிரைப் பந்தயத்துக்கும் 1996-ல் அதே பதில்தான் கிடைத்தது. பேரவையில் எத்தனை பேர் கைதூக்கினாலும் பட்டியலில் உள்ள ஒரு சொல்லின் பொருள் விரிந்துவிடாது.

இந்த இடத்தில் பலரும் குழம்புவது ஒன்று உண்டு. நீதிமன்றம் ஒரு சட்டத்தை ரத்து செய்துவிட்டால் பேரவையின் கை கட்டப்பட்டுவிட்டதா? இல்லை. 'அந்தத் தீர்ப்பு செல்லாது' என்று ஒரு வரிச் சட்டம் போடத்தான் முடியாது. தீர்ப்பு எந்த அடித்தளத்தின் மேல் நின்றதோ அந்த அடித்தளத்தை மாற்றலாம். இதற்கு ஜல்லிக்கட்டைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 2009-ம் ஆண்டு மாநிலச் சட்டம், மத்திய அரசின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2017 ஜனவரியில் பேரவை தனிச் சட்டம் போடவில்லை. அந்த மத்தியச் சட்டத்துக்கே தமிழ்நாட்டு அளவில் ஒரு திருத்தம் செய்தது. பொருள், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்துவிட்டால் பிரிவு 254(2)-ன்படி மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் நிற்கும். முரண் என்ற அடித்தளமே நழுவிவிட்டது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றுக்கொண்டது.

அடித்தளத்தை மாற்றுவதற்குப் பேரவையிடம் சரக்கு இருக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டமுன்வடிவு 2021 பிப்ரவரி 26-ல், தேர்தல் அறிவிப்பு வந்த அதே நாளில் நிறைவேறியது. நவம்பர் 1-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அங்கே சிக்கல் பேரவைக்கு அதிகாரமில்லை என்பதல்ல. அந்த அதிகாரம் இருப்பதை உச்ச நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. இப்படி உள் ஒதுக்கீடாகப் பிரித்ததற்கு ஆதாரமான சமகாலத் தரவு காட்டப்படவில்லை, அதில் விழுந்தது.

ரம்மிக்குத் திரும்புவோம். 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அதே மாதத்தில் அறிக்கை வந்துவிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டம். இது பிரிவு 213 ஆளுநருக்குத் தரும் அதிகாரம். ஆனால் அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி கையெழுத்திடுகிறார், ஆகவே உண்மையில் பேனா அமைச்சரவையின் கையில். பேரவை கூடியிருக்கும்போது போட முடியாது. பேரவை மீண்டும் கூடிய நாளிலிருந்து 6 வாரத்தில் தானாக உயிர் போய்விடும். பேரவை கூடாமலே தள்ளிப்போடலாமே என்று தோன்றலாம். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே 6 மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று பிரிவு 174 பூட்டுப் போட்டிருக்கிறது.

பூட்டை உடைக்கப் பார்த்த மாநிலம் பீகார். 1967 முதல் 1981 வரை அங்கே 256 அவசரச் சட்டங்கள். காலாவதியாகும் நேரத்தில் அதையே மறுபடி பிறப்பித்து, சிலவற்றைப் பத்தாண்டுக்கு மேலாக உயிரோடு வைத்திருந்தார்கள். 1986-ல் வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அரசமைப்பின் மீதான மோசடி என்றது. 2017-ல் கிருஷ்ண குமார் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் இன்னும் இறுக்கினார்கள்: அவசரச் சட்டத்தைப் பேரவையின் முன் வைப்பது சம்பிரதாயமல்ல, கட்டாயம்.

பேரவை 2022 அக்டோபர் 17-ல் கூடியது. 19-ம் தேதி சட்டமுன்வடிவு நிறைவேறியது. நடைமுறை இதுதான்: அறிமுகம் செய்ய அனுமதி கேட்பது, பிறகு ஆய்வுக்கு எடுப்பது, பிறகு ஒவ்வொரு கூறாக அவையின் முன் வைப்பது, கடைசியில் நிறைவேற்றும் தீர்மானம். ஆய்வுக் கட்டத்தில் தெரிவுக் குழுவுக்கு அனுப்பவும் வழி இருக்கிறது. அந்தக் குழு வெளியாட்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம், கூறுகளைத் திருத்தலாம். அந்த வாசலை யாரும் பூட்டிவைக்கவில்லை, ஆனாலும் யாரும் அந்தப் பக்கம் போவதும் அபூர்வம். 'கூறு 2 முதல் 20 வரை சட்டமுன்வடிவின் பகுதியாகுக' என்று ஒரே மூச்சில் வாசிக்க, குரல் வாக்கெடுப்பில் 'ஆம்' எழ, சட்டம் முடிந்தது. அவை நடக்கக் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற குறைவெண் வரம்புகூடப் பெரிய தடையில்லை. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், அதாவது 24 பேர். நாடாளுமன்றத்தில் இருப்பதுபோலத் துறைவாரி நிலைக்குழுக்களும் இங்கே இல்லை. ஆளுநரும் நீதிமன்றமும் பேரவையின் அதிகாரத்தைப் பறிக்கிறார்கள் என்ற பேச்சு ஓயாமல் கேட்கிறது. தன் வீட்டுக்குள்ளேயே பயன்படுத்தாமல் போட்டுவைத்திருக்கும் அதிகாரத்தைப் பற்றிப் பேச்சு மிகக் குறைவு.

ஏன் இப்படி? கொறடா. 1985-ல் சேர்த்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சி உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வராமல் இருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகும். கட்சியைத் தானாக விட்டு விலகினாலும் அப்படியே. ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கெடுப்புக்கு மட்டும் என்று இதை வரையறுத்திருக்கலாம். சாதாரணச் சட்டமுன்வடிவின் ஒரு கூறுக்கும் சேர்த்தே விரித்துவிட்டார்கள். அமைச்சரவையைக் கேள்வி கேட்க வேண்டிய ஆளுங்கட்சி உறுப்பினர் அதே அமைச்சரவையின் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர்.

தீர்ப்பளிப்பவர் பேரவைத் தலைவர், அவரும் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். 2017 தமிழ்நாட்டில் இரண்டு காட்சிகள் ஒரே ஆண்டில் அரங்கேறின. பிப்ரவரி 18-ல் எடப்பாடி பழனிசாமி அரசு 122-க்கு 11 என்ற கணக்கில் நம்பிக்கை வாக்கு வென்றது. எதிர்த்து வாக்களித்த 11 பேரும் ஆளுங்கட்சிச் சின்னத்தில் வென்றவர்கள். அவர்கள் மீதான புகார் 2020 பிப்ரவரியிலும் முடிவாகாமல் பேரவைத் தலைவரிடமே இருந்தது. முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று ஆகஸ்ட் 22-ல் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் 18 பேரை, அவையில் ஒரு வாக்குகூட மாற்றிப் போடாத நிலையில், செப்டம்பர் 18-ல் தகுதிநீக்கம் செய்தார் பேரவைத் தலைவர் ப. தனபால். உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூன் 14-ல் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு. மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25-ல் தகுதிநீக்கம் சரியே என்றார். 18 தொகுதிகள் இடைத்தேர்தல் வரை ஒன்றரை ஆண்டு உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. தகுதிநீக்க வழக்கில் பேரவைத் தலைவர் ஒரு தீர்ப்பாயம், அவர் முடிவை நீதிமன்றம் ஆராயலாம் என்று 1992-லேயே கிஹோட்டோ வழக்கு சொல்லியிருந்தது. முடிவே எடுக்காமல் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு 2020-ல்தான், மணிப்பூர் வழக்கில், 'பொதுவாக 3 மாதம்' என்று பதில் வந்தது.

அவைக்குள் நடக்கும் மற்ற விஷயங்களில் நீதிமன்றம் தலையிடுவது குறைவு. நடைமுறைப் பிசகு என்று சொல்லி அவை நடவடிக்கையை வழக்காக்க முடியாது (பிரிவு 212). பதிலுக்கு, நீதிபதி தன் கடமையில் நடந்துகொண்ட விதத்தைப் பேரவையில் விவாதிக்க முடியாது (பிரிவு 211). இந்தக் கோடு அழிந்தால் என்னாகும் என்பதை 1964-ல் உத்தரப் பிரதேசம் காட்டியது. உரிமை மீறலுக்காகச் சிறையில் போட்ட கேசவ் சிங்கைப் பிணையில் விட்ட இரு நீதிபதிகளையே பிடித்துவரச் சொன்னது பேரவை. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 28 நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து அதற்குத் தடை விதித்தார்கள்.

நிறைவேறிய சூதாட்டச் சட்டமுன்வடிவு ஆளுநரிடம் போனது. 2022 நவம்பரில் 6 வாரக் கெடு முடிந்து அவசரச் சட்டம் காலாவதியானது. புதிய சட்டத்துக்கு ஒப்புதல் வரவில்லை. நிர்வாகம் போட்டதும் இல்லை, பேரவை போட்டதும் இல்லை என்ற நிலையில் சில மாதங்கள் ஓடின. 2023 மார்ச் மாதத்தில், இதற்குப் பேரவைக்கு அதிகாரமில்லை என்ற கருத்தோடு ஆளுநர் திருப்பி அனுப்பினார். மார்ச் 23-ல் பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்து 2023-ம் ஆண்டின் 9-வது சட்டமானது.

தாமதம் ஒருபக்கம் இருக்க, பிரிவு 200 எழுதியிருக்கும் பாதை இதுவே. ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைத்து, பண முன்வடிவாக இல்லாவிட்டால், 'கூடிய விரைவில்' திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி வைக்கலாம். பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை நிறுத்தக் கூடாது. இந்தக் கடைசி வரியே பேரவையின் துருப்புச் சீட்டு. குடியரசுத் தலைவரிடம் போய்விட்டால் இந்தச் சீட்டு செல்லாது: பிரிவு 201-ன்படி அவர் திருப்பி அனுப்பினால் 6 மாதத்துக்குள் பேரவை மறுபரிசீலனை செய்யலாம், ஆனால் மறுபடி போனாலும் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எழுதப்படவில்லை. நீட் விலக்குச் சட்டமுன்வடிவு அங்கேதான் விழுந்தது. 2021 செப்டம்பர் 13-ல் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரி 8-ல் மீண்டும் நிறைவேறி, குடியரசுத் தலைவரிடம் போய், ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார்.

'கூடிய விரைவில்' என்பது எத்தனை நாள்? இதில்தான் பத்து சட்டமுன்வடிவுகள் மாட்டின. 2023 நவம்பர் 13-ல் ஆளுநர் ஒப்புதலை நிறுத்தினார், 18-ல் சிறப்புக் கூட்டத்தில் பேரவை மறுபடி நிறைவேற்றியது, 28-ல் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், மறுபடி நிறைவேறிய பின் ஒதுக்கியது தவறு என்று சொல்லி, முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் பிரிவு 142-ன் கீழ் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொண்டார்கள், காலக்கெடுவும் விதித்தார்கள். மே 13-ல் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் கருத்துரைத்தார்கள்: ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, 'ஒப்புதல் தந்ததாகக் கருதுவது' அரசமைப்பில் இல்லை. ஆனால் திருப்பி அனுப்பாமல் சும்மா நிறுத்தி வைக்கவும் அவருக்கு உரிமை இல்லை. விளக்கமின்றி நீண்டகாலம் கிடப்பில் போட்டால், சரி தவறு பற்றிப் பேசாமல், 'முடிவெடுங்கள்' என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம். முன்வடிவைக் கிடப்பில் கண்ட மாநில அரசு இனி வழக்குப் போட்டால் கேட்கக்கூடியது இந்த ஒற்றை உத்தரவையே.

ரம்மிக்கு இன்னும் ஒரு வாசல் பாக்கி. 2023 நவம்பர் 9-ல் உயர் நீதிமன்றம் சட்டத்தை நிற்க விட்டது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் சூதாட்டம் என்று பட்டியலிட்ட அட்டவணையை நீக்கியது. அந்த இரண்டையும் தடை செய்ய முடியாது, நேரம் வயது போன்றவற்றை ஒழுங்குபடுத்தலாம். ஒழுங்குபடுத்தியது யார்? சட்டத்தின் கீழ் அமைந்த ஆணையம். 2025 பிப்ரவரியில் வந்த ஒழுங்குமுறைகளில்தான் ஆட்டக்காரரை நேரடியாகத் தொடும் விதிகள் இருந்தன: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட முடியாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஜூன் 3-ல் உயர் நீதிமன்றம் இவற்றை ஏற்றது. நள்ளிரவுத் தடை என்ற சொல் 2022 அக்டோபர் 19 அன்று எந்த உறுப்பினரின் வாக்குக்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சட்டம் எலும்புக்கூடு, விதி சதை. விதிகளைப் பேரவையின் மேசையில் வைப்பார்கள், ஆராய ஒரு குழுவும் உண்டு. மேசையில் குவியும் ஏடுகளைப் பிரித்துப் பார்க்கும் உறுப்பினர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

இத்தனைக்கும் பேரவையின் கடிவாளம் சட்டமியற்றுவதைவிடப் பணத்தில்தான் இறுகலாக இருக்கிறது. ஆணையம் அமைப்போம் என்று சட்டம் சொன்னாலும் அதன் உறுப்பினர்களுக்குச் சம்பளம் போக, துறைச் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை நிறைவேற வேண்டும், பிறகு நிதி ஒதுக்கச் சட்டம் வர வேண்டும். அது இல்லாமல் அரசின் கருவூலமான தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது. மார்ச் 31-க்குள் முடியாவிட்டால் சில மாதச் செலவுக்கு மட்டும் முன்கூட்டி அனுமதி வாங்கிக்கொள்ள பிரிவு 206 வழிவிடுகிறது. கோரிக்கையைப் பேரவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. கடன் வட்டி, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், பேரவைத் தலைவரின் சம்பளம் போன்றவை வாக்குக்கே வராது, விவாதிக்க மட்டும் செய்யலாம். ஒரு ரூபாய் குறைக்கும் வெட்டுத் தீர்மானம் ஜெயித்தாலே ஆட்சி ஆட்டம் காணும் என்பதால் அவை ஜெயிப்பதில்லை. துறைவாரி விவாதத்துக்குக் கிடைக்கும் நாள்தான் உண்மையான நாணயம். 2024-ல் மக்களவைத் தேர்தலால் விவாதம் ஜூன் 20-க்குத் தள்ளிப்போய் 29-ல் முடிந்தது. எல்லாத் துறைகளும் அந்தப் பத்து நாளுக்குள் அடங்கின. செலவான பின் தணிக்கை அறிக்கையைப் படிக்கும் பொதுக் கணக்குக் குழுவில் கொறடாவின் கை அவ்வளவாக நீள்வதில்லை. பேரவையில் எதையாவது பொறுமையாகப் படிக்கும் இடம் என்றால் அதைத்தான் சொல்லலாம்.

ரம்மியின் கதையில் கடைசித் திருப்பம் கோட்டைக்கு வெளியே நடந்தது. பேரவையால் தடை செய்ய முடியாமல் போன பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமை ஆட்டம் என்றாலும் விடாமல், நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் தடை செய்தது. 2025 ஆகஸ்ட் 20-ல் மக்களவை, 21-ல் மாநிலங்களவை, 22-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். ஒப்புதலுக்காகச் சென்னையின் சட்டமுன்வடிவு காத்திருந்த காலம் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை.